புதுப்பிப்பு: குறைந்த செலவில் தொலைதூர இலக்குத் துப்பாக்கி – குழலை மாற்றாமலே சிதறல் குறைந்தது

100 மீட்டரில் ஐந்து தோட்டாக்கள் 62 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிதறுகின்றன, குழலையே மாற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாக வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. குழலை மாற்றாமலே சிக்கல் தீர்ந்தது.

துப்பாக்கிமேல் தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகளில் குறை இல்லை. பலனளித்தது, குழலைத் தாங்கும் கட்டையின் முன்பகுதி குழலைத் தொட்டுச் சிதறலைக் கூட்டுகிறதா என்று அறிய, இரண்டுக்கும் இடையே காகிதத்தை நுழைத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான். ஆனால் நான் எதிர்பாராதது ஒன்று உண்டு: துப்பாக்கியை மேசைமேல் வைத்திருந்தபோது தடையின்றி நகர்ந்த காகிதம், இருகால் தாங்கியில் ஊன்றித் தோளால் முன்னே அழுத்தியதும், பிளாஸ்டிக் கட்டை வளைந்து குழலைத் தொட்டதால் சிக்கிக்கொண்டது. ஆகவே, உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்தபின், இச்சோதனையைச் சுடும் நிலையிலேயே செய்ய வேண்டும். கட்டையின் உட்பக்கத்தைத் தேய்த்து இடைவெளியைக் கூட்டி, அது வளையாதிருக்க அதன் பள்ளங்களில் அலுமினியக் கம்பியை எப்பாக்சி பசையால் பதித்தேன்.

அதே வகைத் தோட்டாக்களை ஐந்தைந்தாக நான்கு முறை சுட்டதில் சராசரிச் சிதறல் 34 மில்லிமீட்டர். சிதறலை அளக்கப் பயன்படும் ஒரு கலைக் கோணம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அந்தத் தொலைவில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர்; என் சிதறல் அதற்கு அருகில் வந்துவிட்டதால், இந்தச் செலவுக்கு இது எனக்கு நிறைவளிக்கிறது. புதிய குழலுக்கென ஒதுக்கிய தொகை இனிப் பயிற்சித் தோட்டாக்களுக்குச் செல்லும்.