உளுந்து மூட்டையை எங்கே இறக்குவது?

நெல்லை விட்டுப் பயறுக்கும் சிறுதானியத்துக்கும் மாறுங்கள், தட்டிலும் அவற்றைச் சேருங்கள் என்கிறார்கள். அது ஏன் எளிதாக நடப்பதில்லை என்று மூன்று பேர் சொல்கிறார்கள்.

கடைமடைக்காரன் (வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள விவசாயி), மன்னார்குடி பக்கம்:
சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, ஈரம் காயுமுன் வயலில் உளுந்து தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உரம் கேட்காது, பனியிலேயே விளைந்துவிடும். இப்போது தெளிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அறுவடை இயந்திரம் முளையை நசுக்குகிறது என்பது ஒரு காரணம். விற்பனைதான் பெரிய காரணம். நெல்லுக்கு ஊருக்குள்ளேயே கொள்முதல் நிலையம் இருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள், தார்ப்பாயோடு காவல் கிடக்க வேண்டும், எல்லாம் உண்மை. ஆனாலும் சிப்பம் சிப்பமாக எடை போட்டுப் பணம் வங்கிக்கு வந்துவிடும். உளுந்துக்கும் அரசு அறிவிக்கும் ஆதரவு விலை உண்டு. பதிவு செய்து, அடங்கல் (கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று) வாங்கி, அரசு விற்பனைக் கூடம் எப்போது எடுக்கும் என்று காத்திருப்பதற்குள் வியாபாரி வாசலுக்கே வந்து, சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போகிறார். பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம், யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள். பிறகு நான் ஏன் நெல்லை விடப்போகிறேன்? எங்கள் வீட்டு இட்லிக்கு அரைப்பது பர்மா உளுந்து.

கிராம செவிலியர்:
என்னிடம் வரும் கர்ப்பிணிகள் யாரும் பட்டினி கிடப்பவர்கள் அல்ல. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, ராத்திரி தோசை என்கிறார்கள். ரேஷனில் அரிசி இலவசம்; 30 ரூபாய்ப் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரே கிலோ. ஐந்து பேர் வீட்டில் அது எத்தனை நாள் குழம்புக்கு வரும்? 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. நான் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறேன். குமட்டுகிறது என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள்.

தருமபுரி வாசகி:
இங்கேயும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். அரசே கொள்முதலும் செய்கிறது. 2024–25இல் குவிண்டாலுக்கு ஆதரவு விலை 4,290 ரூபாய், நெல்லுக்கோ 2,300. அப்படியும் கிணறு வைத்திருப்பவர்கள் கேழ்வரகின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அறுத்து, அடித்து, தூற்ற ஆள் கிடைப்பதில்லை. உழவு, அறுவடை இயந்திரம் எல்லாம் நெல்லை நினைத்தே வந்தவை. என் மாமியார் போன மாதம், அரிசியில் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கேழ்வரகாகக் கொடுங்கள் என்று ரேஷன் கடையில் சண்டை போட்டார். விற்பனையாளர், பாவம், என்ன செய்வார்? அளவைச் சென்னையில் அல்லவா முடிவு செய்கிறார்கள்!