தொட்டியில் அத்தி மரம்: கோலாலம்பூர் மழைக்குத் தாங்கும் மண் கலவை எது?

கேள்வி: செந்தூல் பால்கனி

அனைவருக்கும் வணக்கம். செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) தன் ‘பிரவுன் டர்க்கி’ ரக அத்தியிலிருந்து ஒரு குச்சியை வெட்டி, வேர் பிடிக்க வைத்து எனக்குக் கொடுத்தார். இப்போது இடுப்பு உயரம் வளர்ந்திருக்கிறது. சின்னத் தொட்டியில் இருந்தவரை இலைகள் உள்ளங்கையைவிடப் பெரிதாக வந்துகொண்டிருந்தன. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது கடையில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண்ணை நிரப்பினேன். அதற்குப் பிறகு அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுகின்றன. புது இலைகள் சிறுத்து வருகின்றன.

சாயங்கால மழை பால்கனிக்குள் சாரலாக அடிக்கிறது. அப்போது தண்ணீர் மண்ணின் மேலேயே குளம்போல் நிற்கிறது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும். விரலை உள்ளே விட்டால் இரண்டாவது கணுவுக்குக் கீழே சேறு. தொட்டியைச் சாய்த்தால் சாக்கடை வாடை வருகிறது. சின்னஞ்சிறு கறுப்பு ஈக்களும் சுற்றுகின்றன.

கலவையை நானே தயாரிக்க நினைக்கிறேன். வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லாரும் பைன் மரப்பட்டை என்கிறார்கள். அது இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை அதிகம். நம் ஊரில் கிடைக்கும் பொருள்களை வைத்து என்ன செய்யலாம்? பால்கனி என்பதால் எடையும் கூடக் கூடாது.

பதில்: ஆயர் ஈத்தாம் அத்திக்காரி

தம்பி, உங்கள் செடிக்கு உரம் குறையவில்லை, மூச்சு முட்டுகிறது. இரண்டாவது கணுவுக்குக் கீழே சேறு, சாக்கடை வாடை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுவே போதும். இலை மஞ்சளாகிறது என்று தயவுசெய்து இப்போது உரம் போட்டுவிடாதீர்கள். அழுகத் தொடங்கிய வேரில் உரம் பட்டால் மிச்சமிருப்பதும் கருகும்.

நான் பினாங்கில், வீட்டு முன் தாழ்வாரத்தில் தொட்டிகளில்தான் அத்தி வளர்க்கிறேன். தரையில் ஒரு மரம்கூட இல்லை. அதனால் தொட்டியைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். அத்தியின் பூர்வீகம் மேற்கு ஆசியாவும் நடுநிலக் கடலோரமும். கோடை முழுவதும் மழையே காணாத ஊர்கள். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அந்த வறண்ட ஊர்க்காரர் எழுதிய கலவையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் ஈரத்தைப் பிடித்துவைக்கப் பாடுபடுகிறார், நாம் ஈரத்தை வெளியேற்றப் பாடுபடுகிறோம்.

மூட்டைக் கறுப்பு மண் பெரும்பாலும் மாவுபோல் நுண்மையானது. ஒவ்வொரு மழைக்கும் அந்த நுண்துகள் கீழிறங்கி, காற்று இருந்த இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். தரையில் என்றால் தண்ணீருக்கு இன்னும் கீழே போக வழி உண்டு. தொட்டியில் ஓர் அடியிலேயே உலகம் முடிந்துவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் கழுவும் பஞ்சை முழுக்க நனைத்து, கிடையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். அதுவும் நின்ற பிறகு அடி விளிம்பைத் தொட்டுப் பாருங்கள்: ஒரு பட்டை ஈரம் அங்கேயே இருக்கும், எவ்வளவு காத்திருந்தாலும் இறங்காது. உங்கள் தொட்டியின் அடியிலும் அதே ஈரப்பட்டை இருக்கிறது. துகள் நுண்மையாக இருந்தால் பட்டை உயரமாக நிற்கும், பருமனாக இருந்தால் தாழ்ந்து நிற்கும். அடியில் சரளைக்கல் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். வடியாது. ஈரப்பட்டை கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இருந்த இடமும் குறையும். கல்லை விட்டுவிடுங்கள். அகலமான தாழ்ந்த தொட்டியைவிட உயரமான தொட்டியை எடுங்கள்.

இனி கலவை. பத்து லிட்டர் வாளி ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் மட்டையை வெட்டிய சில்லு மூன்று வாளி, உமிக்கரி இரண்டு வாளி, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு வாளி, பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக் கல்மணி) அரை வாளி. பெர்லைட்டுக்குப் பதில் பியூமிஸ் என்னும் நுரைக்கல் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் எடை கூடும். கலக்கும்போது சில்லுகளின் இடுக்கில் உமிக்கரி புகுந்து மொத்த அளவு குறையும். 50 லிட்டர் பை ஒன்று நிறைந்து கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதைக் கட்டி வையுங்கள், சில மாதம் கழித்துக் கலவை அமுங்கும்போது மேலே போடலாம். ஈரமண் நிறைந்த 40 லிட்டர் தொட்டியே 60 கிலோவைத் தாண்டும். இந்தக் கலவை நனைந்த பிறகும் அதில் பாதிகூட வராது.

பைன் பட்டைக்காக அலைய வேண்டாம். அது செய்யும் வேலையைத் தேங்காய் மட்டைச் சில்லு செய்யும். பெருவிரல் நகம் அளவு சில்லாக வாங்குங்கள். தூளாக விற்பது வேறு. அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. மரத்தூள் சும்மா கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் சேர்க்காதீர்கள். பச்சை மரத்தூள் மக்கும்போது செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும், அமுங்கிக் கட்டியாகவும் ஆகும்.

சில்லைக் கழுவாமல் போடக் கூடாது. தென்னை கடலோரத்து மரம், மட்டையில் உப்பு இருக்கும். உவர்நீரில் ஊறவைத்த மட்டையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இரவு முழுவதும் ஊறவிட்டால் காலையில் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். நிறம் வெளுக்கும்வரை இதையே செய்யுங்கள். இன்னொன்று: தேங்காய் நார் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்துக்கொள்ளும். அதற்காகப் பத்து லிட்டர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி டோலமைட் தூள் (இரண்டு சத்தும் உள்ள கல்தூள்) சேருங்கள். உமிக்கரியே காரத்தன்மை உள்ளது என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

உமிக்கரி வாங்கும்போது பையைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். கடையில் ‘செக்காம் பாக்கார்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். எனக்குச் செபராங் பிறை நெல் ஆலைப் பக்கமிருந்து வருகிறது. உங்களுக்குச் செகிஞ்சான் பக்கத்துச் சரக்கு கிடைக்கும். ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் நெல்லின் தோல் படகு வடிவம் கலையாமல், கரு கருவென்று கையில் நிற்க வேண்டும். நம் பாட்டிமார் பல் தேய்க்க எடுத்த அதே கரி. சாம்பல் நிறமாகப் பொடிந்து கையில் ஒட்டினால் அது எரிந்து முடிந்த சாம்பல். அது இடுக்குகளை அடைக்கும், காரமும் அதிகம். அந்தப் பை வேண்டாம்.

கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் நிரப்பி நன்றாக நனைத்துவிட்டு, மேலே ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். தேங்காமல் சில நொடிகளில் உள்ளே இறங்க வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் அடியிலிருந்து வர வேண்டும். தேங்கினால் இன்னும் சில்லு சேருங்கள்.

பதில்: கிள்ளான் செம்மண்

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? எங்கள் வீட்டுப் பின்புறத்தில் செம்மண், ஆட்டு எரு, ஆற்று மணல், இந்த மூன்றுதான். நர்சரிக்காரர்கள் சொல்லும் மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று கணக்கு. அத்தி தலைக்கு மேல் வளர்ந்து காய்த்துக்கொண்டிருக்கிறது. உமிக்கரியை நான் கண்ணாலும் பார்த்ததில்லை. தம்பி, கறுப்பு மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து பாருங்கள், செலவு பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

பதில்: சுங்கை பூலோ நாற்று

நர்சரியில் வேலை செய்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

கிள்ளான் அண்ணா, உங்கள் மரம் தரையில் நிற்கிறது, அதனால் நன்றாக இருக்கிறது. தொட்டியில் அதே கலவை சீக்கிரமே இறுகிவிடும். நுண்மண்ணோடு பாதியளவு மணல் சேர்த்தால் மணலின் இடுக்கில் மண் புகுந்து இன்னும் கெட்டியாகும். எடையும் கூடும், பால்கனிக்கு ஒத்து வராது.

இரண்டாவதுதான் முக்கியம். தரையிலிருந்து எடுத்த மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. அத்திக்கு இதைப்போல் விரோதி கிடையாது. மேலே பார்த்தால் தண்ணீர் போதாதது போலவும் சத்துக் குறைந்தது போலவும் தெரியும், வெயில் ஏறினால் இலை தொங்கும். வேரைக் கழுவிப் பார்த்தால் மணி மணியாக முடிச்சு இருக்கும். தொட்டிக்குள் வந்துவிட்டால் அதை முழுவதுமாக ஒழிப்பது மிகவும் கடினம். மண் கலக்காத கலவையை நாங்கள் அத்திக்குப் பரிந்துரைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

செந்தூல் நண்பரே, பொருள் வாங்க சுங்கை பூலோ நர்சரி வரிசைக்கு வாருங்கள். பழைய தொழுநோய் மருத்துவமனைக் குடியிருப்பை ஒட்டிய இடம். அங்கே வாழ்ந்தவர்கள் தொடங்கிய செடி வியாபாரம்தான் இன்று அந்தச் சாலை முழுவதும் பரவியிருக்கிறது. சில்லு, கரி, பெர்லைட் மூன்றும் ஒரே நடையில் கிடைக்கும். மழை நேரத்தில் வெளியில் அடுக்கி வைத்த உமிக்கரி மூட்டையை எடுக்காதீர்கள், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள்.

கேள்வி கேட்டவர்: செந்தூல் பால்கனி

மிக்க நன்றி அக்கா, அண்ணன்மாரே. மரத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, முடிச்சு எதுவும் இல்லை. அடிவேர் சில பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வருகிறது. மேல்பக்கத்து வேர் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

இன்னும் மூன்று சந்தேகம். பழைய மண்ணை முழுவதும் உதறிவிட வேண்டுமா, அல்லது வேர் உருண்டையோடு அப்படியே புதுக் கலவையில் வைக்கலாமா? இதில் சத்தே இல்லையே, உரம் எப்போது, எதைப் போடுவது? கீழ் வீட்டுக்குத் தண்ணீர் சொட்டக் கூடாது என்று நிர்வாகம் சொல்கிறது, அடியில் தட்டு வைக்கலாமா?

பதில்: ஆயர் ஈத்தாம் அத்திக்காரி

வெள்ளை வேர் இருக்கிறது என்றால் மரம் பிழைத்துவிடும் தம்பி.

பழைய மண் உருண்டையை அப்படியே வைக்காதீர்கள். சுற்றிலும் காற்றோட்டமான கலவை, நடுவில் களிமண் உருண்டை என்றால் அந்த நடுப்பகுதி ஈரத்தை விடவே விடாது. குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். முழுவதும் போகாவிட்டாலும் பரவாயில்லை, வேரைப் பிய்க்க வேண்டாம். பழுப்பாகி உரியும் வேரைக் கத்தரித்துவிடுங்கள். வேரைக் குறைத்தால் தலையையும் குறைக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டுங்கள். நம் ஊரில் அத்திக்கு உறங்கும் பருவம் கிடையாது, எந்த மாதத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் இரண்டு வாரம் நேர்வெயில் படாமல், மழையும் படாமல் வையுங்கள். அத்தி பெரும்பாலும் புதுக் கிளையில்தான் காய்க்கும் என்பதால் வெட்டியதற்காக வருந்த வேண்டாம். நன்றாகத் தேறிய மரம் வெட்டிய பிறகு மூன்று நான்கு மாதத்தில் பழம் கொடுக்கும்.

உரம் புதுத் துளிர் வந்த பிறகுதான். கலவையில் சத்துக் குறைவு என்பது எனக்குப் பிடித்த விஷயம். எவ்வளவு கொடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது. இலை வளரும் காலத்தில் பச்சை நிற மணி உரம், 15-15-15 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவு). பிஞ்சு தெரிந்ததும் நீல நிற மணி உரம், 12-12-17-2 (கடைசி எண் மக்னீசியம்). அதில் பொட்டாசியம் கூடுதல். எதுவானாலும் ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து தள்ளித் தொட்டி விளிம்பை ஒட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இந்தக் கலவையில் உரம் சீக்கிரம் கரைந்து போய்விடும், அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக. கோழி எருவைத் தொட்டிக்குள் கொண்டுவராதீர்கள். சூடு அதிகம், இலை மட்டும் தடதடவென்று வரும், பிஞ்சு வராது.

தட்டு வைக்கலாம், ஆனால் தண்ணீர் நிற்க விடக் கூடாது. தேங்கிய தட்டு கலவையின் அடியை மறுபடி சேறாக்கும். அதைவிட முக்கியம் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு. தட்டில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு. தொட்டியை நான்கு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், கீழே தட்டு, தண்ணீர் ஊற்றி அரைமணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். சாரல் அடிக்கும் பக்கத்தில் ஒரு தெளிவான நெகிழித் திரை கட்டினால் கலவைக்கு மட்டுமல்ல, இலைக்கும் நல்லது. இலை நனைந்தே இருந்தால் அடிப்பக்கத்தில் துருப்போல் செம்பழுப்புப் புள்ளி வந்து கொத்தோடு உதிரும்.

கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள். அத்திப் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும், உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வெட்டிய கிளையில் பென்சில் பருமன் உள்ளதையெல்லாம் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, பால் நின்றதும் ஈரமான வெறும் உமிக்கரியில் பாதி நீளம் புதைத்து நிழலில் வையுங்கள். குறைந்தது இரண்டு கணுவாவது கரிக்குள் இருக்க வேண்டும். துளிர் வந்ததும் அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்; துளிர் முதலில் வரும், வேர் பிறகுதான்.