"மாத்தி மாத்தி வைக்கணும்ல டீச்சர்": குழந்தைகளுக்கு அமைப்புகள் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

கரும்பலகை:

அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் 'அமைப்புகள்' என்று ஒரு பாடம் உண்டு. நாம் வீட்டில் பேட்டர்ன் என்று சொல்கிறோமே, அதுதான். எளிதான பாடம் என்று நினைத்து ஒரு வாரத்தை வீணாக்கிய கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

தரையில் புளியங்கொட்டை, கூழாங்கல், புளியங்கொட்டை, கூழாங்கல் என்று வரிசையாக வைத்து "அடுத்து என்ன வரும்?" என்று கேட்டேன். மொத்த வகுப்பும் கத்தியது. மறுநாள் இலை, பூ. அதற்கு மறுநாள் சிவப்பு மூடி, நீல மூடி. எல்லாம் சரி. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் கொட்டை, கல், கல், கொட்டை, கல், கல் என்று வைத்தேன். முன்வரிசையில் உட்காரும் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி வந்து கொட்டை, கல், கொட்டை, கல் என்று தொடர்ந்தாள். "இங்க பாரும்மா, ரெண்டு கல் இருக்கே" என்றால், என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "மாத்தி மாத்தி வைக்கணும்ல டீச்சர்" என்கிறாள். நான் தப்பாக வைத்துவிட்டேனாம்!

அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக நான் சொல்லிக்கொடுத்தது 'மாற்றி மாற்றி வை' என்பதை மட்டும்தான். திரும்பத் திரும்ப வரும் துண்டு ஒன்று அதற்குள் இருக்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலேயே எல்லோரும் சரியான விடை சொல்லியிருக்கிறார்கள்.

அதன் பிறகு கேள்வியை மாற்றினேன். ஆளுக்கு நான்கு ஐஸ் குச்சி கொடுத்து, "இது ரயில். ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரே மாதிரி ஆளுங்கதான் ஏறுவாங்க. ஒரு பெட்டி எங்க முடியுதோ அங்க குச்சியை வை" என்றேன். அதே பெண் முதலில் இரண்டிரண்டாக வெட்டினாள். முதல் பெட்டியில் கொட்டையும் கல்லும், அடுத்ததில் கல்லும் கொட்டையும், மூன்றாவதில் இரண்டு கல். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அய்யே, இந்தப் பெட்டில கொட்டையே ஏறல" என்று தானே குச்சிகளை உருவி, மூன்று மூன்றாக வைத்தாள். நான் வாயே திறக்கவில்லை.

இப்போதெல்லாம் 'அடுத்து என்ன' என்று கேட்பதை விட 'ஒரு பெட்டியில் யார் யார்' என்றுதான் அதிகம் கேட்கிறேன்.

பூக்காரம்மா மகன்:

டீச்சர், உங்கள் ரயில் பெட்டிக்கு எங்கள் வீட்டில் பெயர் கண்ணி.

அம்மா நாற்பது வருடமாகப் பூ கட்டுகிறார். கதம்பம் என்றால் இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம், ஒரு கொத்து மரிக்கொழுந்து, மறுபடி இரண்டு மல்லி. கண் டிவியில் இருக்கும், கை வாழைநாரில் ஓடிக்கொண்டிருக்கும். என் மகளுக்கு நான்கரை வயது. பாட்டிக்குப் பூ எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. யாரும் அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் கனகாம்பரத்தை அடுத்தடுத்து இரண்டு முறை கொடுத்துவிட்டாள். அம்மாவும் பார்க்காமல் கட்டிவிட்டார். நான்கு விரற்கடை தாண்டிய பிறகு இவள் சரத்தைத் தூக்கிப் பிடித்து, "ஆயா! இங்க ரெண்டு ஆரஞ்சு சேந்து நிக்குது, பிரி!" என்று ஒரே கூச்சல். அம்மா பிரிக்க மறுத்துவிட்டார். கட்டின பூவைப் பிரித்தால் காம்பு ஒடியும், வியாபாரத்துக்கு ஆகாது. இவள் அரை மணி நேரம் அழுதாள். அந்த முழத்தை விற்காமல் அவள் தலையிலேயே வைத்துவிட்டோம்.

அன்று முதல் நான் வேண்டுமென்றே தப்பு செய்கிறேன். அப்பாவின் தப்பைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே வரிசை முழுவதையும் விரல் வைத்துத் தடவிக்கொண்டு வருகிறாள். 'அடுத்து என்ன' என்று கேட்டால் கடைசி இரண்டு பூவை மட்டும்தான் பார்ப்பாள்.

இரட்டைவால்அம்மா:

என் ஆதங்கம் வேறு. பையன் யூகேஜி. ஒர்க்‌ஷீட்டில் சிவப்பு, நீலம், நீலம், சிவப்பு என நான்கு வட்டம், பக்கத்தில் இரண்டு காலி வட்டம். இவன் சிவப்பு, நீலம் என்று தீட்டியிருக்கிறான். பெரிய இன்டு மார்க். எதிர்பார்த்த விடை நீலம், நீலம்.

ஏன்டா என்று கேட்டேன். "சிவப்புல ஆரம்பிச்சு சிவப்புல முடிஞ்சிருச்சும்மா, கண்ணாடி மாதிரி. இப்ப திரும்ப சிவப்புலேர்ந்து ஆரம்பிக்கணும்." அவன் சொல்வதும் சரியாகத்தானே இருக்கிறது? பள்ளியில் போய்க் கேட்டால், "மேடம், ஆன்சர் கீயில அப்படித்தான் இருக்கு." அதற்கு மேல் என்ன பேச!

கரும்பலகை:

இரட்டைவால்அம்மா, உங்கள் பையனுக்கு என் கணக்கில் முழு மதிப்பெண். அவன் பெட்டியில் நான்கு பேர், ஒர்க்‌ஷீட் போட்டவர் பெட்டியில் மூன்று பேர். நான்கு வட்டத்தை வைத்து எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. துண்டு இரண்டு முறையாவது முழுசாக வந்திருக்க வேண்டும், மூன்று முறை என்றால் இன்னும் நல்லது. கேள்வி போடுகிறவர்கள் இடத்தை மிச்சம் பிடிப்பதில் இந்த வினை.

பெயர் வேண்டாமே:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். யாருக்காவது பயன்படட்டும்.

மகனுக்கு ஐந்து வயது. மற்ற எல்லாம் நன்றாகச் செய்வான், இந்தப் பேட்டர்ன் மட்டும் வராது. சிவப்பு மணி, பச்சை மணி, சிவப்பு மணி என்று கோக்கச் சொன்னால் கன்னாபின்னாவென்று கோத்து வைப்பான். டைரியில் 'கவனம் போதாது' என்று வாரத்துக்கு ஒரு குறிப்பு. நானும் திட்டியிருக்கிறேன். ஒரு நாள் மணி டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, சரியாகச் செய்தால்தான் சாப்பாடு என்றுகூடச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

மே மாத லீவில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். திண்ணையில் தீக்குச்சியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். முழுக்குச்சி, உடைத்த குச்சி, உடைத்த குச்சி, மறுபடி முழுக்குச்சி. திண்ணை நீளத்துக்கும் போகிறது, ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். கவனம் போதாத பிள்ளையா இது?

மாமனாரிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கும் செடியில பழுத்த மிளகாய் எது, பச்சை மிளகாய் எதுன்னு தெரியாது மாப்ள, தொட்டுப் பாத்துத்தான் பறிப்பேன்" என்றார். இத்தனை வருடத்தில் மனைவிக்கே இது தெரியாது.

ஊருக்கு வந்ததும் கண் மருத்துவரிடம் போனோம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார், இஷிஹாரா அட்டை என்று பெயர். முதல் அட்டையை மட்டும் படித்தான். அடுத்தடுத்த அட்டைகளில் "ஒண்ணுமே எழுதலையே அங்கிள்" என்றான். சிவப்பு பச்சை நிறக்குறைபாடு. தாய்வழித் தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வருவது வழக்கம்தான், பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் என்றார். சிகிச்சை ஒன்றும் இல்லை. அது தெரிந்துவிட்டதே எங்களுக்குப் பாதி மருந்து.

இப்போது அவனுக்கு வடிவத்தையும் அளவையும் வைத்துத்தான் எல்லாம். நிறம் வேண்டுமென்றால் நீலம், மஞ்சள். உங்கள் பிள்ளைக்கும் அமைப்பு வரவில்லை என்றால், ஒரு முறை நிறத்தை எடுத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். திட்டுவதற்கு முன்னால்.

வவுனியாக்காரி:

பெயர் வேண்டாமே அண்ணா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத வரவில்லை.

எங்கள் பக்கத்துக் கணிதப் புத்தகங்களில் இதற்குக் கோலம் என்றுதான் பெயர். எண் கோலம், வடிவக் கோலம் என்று வரும். நான் முன்பள்ளி ஆசிரியை. "இண்டைக்குக் கோலம் செய்வம்" என்று தொடங்கினால், "டீச்சர், மாக்கோலமோ?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன், அதுவும் இதுவும் ஒன்றுதானே.

நான் அதிகம் செய்விப்பது ஓலை இழைப்பு. அம்மம்மா பனையோலைப் பெட்டி இழைப்பார், எனக்கு அது கைவந்தது. பிள்ளைகளுக்கு ஓலை விரலை வெட்டும் என்பதால் தடித்த கடதாசிக் கீலங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, மேலே ஒன்று. முதல் வரிசை எல்லோருக்கும் வந்துவிடும். இரண்டாவது வரிசையைக் கீழே இருந்து தொடங்க வேண்டும், அங்கேதான் பிழைப்பார்கள். முதல் வரிசை போலவே மேலே இருந்து தொடங்கினால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கீலங்கள் ஒன்றையொன்று பிடிக்காது, இழுத்தவுடன் கழன்று வந்துவிடும்.

ஒரு பொடியன் மூன்று முறை கழன்ற பிறகு கடதாசியிடமே, "நீ ஏன் பிடிக்கிறாய் இல்லை?" என்று கேட்டான். நான்காவது முறை இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இவர் மேலே போனால் அவர் கீழே போகோணும்" என்றான். நான் பிழை என்று சொல்லியிருந்தால் முதல் முறையிலேயே சுருட்டி எறிந்திருப்பான்.

தாளக்கட்டு:

எல்லோரும் கையில் பொருளைக் கொடுத்துத்தான் தொடங்குகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான்கு வயதுக்குக் கீழே என்றால் முதலில் உடம்பு, பிறகுதான் கல்லும் மணியும்.

பாட்டு வகுப்பு எடுக்கிறேன். புதிதாகச் சேருகிற சின்னப் பிள்ளைகளுக்கு ஆதி தாளத்தில் ஆரம்பிப்பது பலருக்கு வழக்கம். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எட்டு எண்ணிக்கை. நாலு வயதுக்கு அது நீளமான பெட்டி, எங்கே திரும்ப ஆரம்பிக்கிறது என்றே தெரியாமல் விரலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் ரூபகத்தில் ஆரம்பிப்பேன். தட்டு, தட்டு, திருப்பு. த, கி, ட. மூன்றே மூன்று. இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அது கையில் ஏறிய பிறகு ஸ்பூனும் மூடியும் கொடுத்து, "இப்ப போட்ட தாளத்தை இதுல வைங்க" என்பேன். ஸ்பூன், ஸ்பூன், மூடி. ஒரு குட்டிப் பெண் மூடி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஸ்பூனையே குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். "இது திருப்பு மிஸ்." நான் கொடுத்த மூடிகள் அவள் மடியில் அப்படியே இருந்தன.

புதுஅப்பா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு இரண்டேகால் வயது. எல்லாக் காரையும் வரிசையாக அடுக்குகிறாள், அவ்வளவுதான். இதெல்லாம் எப்போது ஆரம்பிக்கலாம்? மணி, விதை எல்லாம் வாங்கி வைக்கவா?

பூக்காரம்மா மகன்:

சார், இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கிற அளவில் எதுவும் வேண்டாம். குன்றிமணி மட்டும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விஷ விதை, கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. கிண்ணம், கரண்டி, செருப்பு போதும்.

கரும்பலகை:

புதுஅப்பா, முதலில் ஒரே மாதிரி இருப்பதைப் பிரித்து வைக்கட்டும், அடுக்கட்டும். வெளியே போனால் கோயில் மதிலைக் காட்டி "வெள்ளை, காவி, வெள்ளை, காவி" என்று பாடிக்கொண்டே நடந்து போங்கள். இப்போதைக்கு அது போதும்.

கடைசியாக, இந்த வாரம் நடந்தது. பொங்கல் விழாப் பானைக்கு மாலை கோக்கலாம் என்று ஆளுக்கு 20 மணி எண்ணிக் கொடுத்தேன். 20 என்பதற்கு ஒரு காரணமும் இல்லை, டப்பாவில் அவ்வளவுதான் தேறியது. முன்பு சொன்ன கெட்டிக்காரி சிவப்பு, மஞ்சள், மஞ்சள் என்று ஒழுங்காகக் கோத்தாள். முடிச்சுப் போட எடுத்து வந்தால் முகம் வாடிவிட்டது. சேருகிற இடத்தில் ஒரே ஒரு மஞ்சள், உடனே சிவப்பு. "நான் சரியாத்தானே வச்சேன் டீச்சர்?" நேராக வைக்கும்போது இந்தச் சிக்கலே வராது, வளைத்தால்தான் வரும். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு மஞ்சளைக் கடன் வாங்கிக் கோத்தாள். சரியாகப் போய்விட்டது. எண்ணச் சொன்னேன், ஏழு பெட்டி.

கடன் கொடுத்த பையனிடம் மீதி 19. இரண்டு பேர் பெட்டி, மூன்று பேர் பெட்டி, நான்கு பேர் பெட்டி என்று கோப்பதும் உருவுவதுமாக இருந்தான். மதிய மணி அடித்தும் எழுந்து போகவில்லை. சாப்பிட வாடா என்றதற்கு, "டீச்சர், இதுல எந்தப் பெட்டியும் சேர மாட்டேங்குது. எல்லாம் சிவப்பா போட்டாத்தான் சேரும்" என்றான்.