புதுப்பிப்பு: பாரிஸ் ஒலிம்பிக் டென்னிஸ் மகளிர் இரட்டையர் தங்கம் இத்தாலிக்கு

இத்தாலியின் எர்ரானியின் மெதுவான சேர்வ் (புள்ளியைத் தொடங்கும் அடி) ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அடிவாங்கும் என்று என் முந்தைய பதிவின் கீழ் பலர் எழுதியிருந்தீர்கள். 2024 ஓகஸ்ட் 4 அன்று முடிவு வந்துவிட்டது: சாரா எர்ரானி–ஜாஸ்மின் பவோலினி இணை 2-6, 6-1, 10-7 என வென்றது.

முதல் செட்டில் உங்கள் பக்கமே நியாயம் இருந்தது. எதிரணியில் மிரா அந்திரீவாவுக்கு வயது 17, டயானா ஷ்னைடருக்கு 20. இருவரும் பந்தை விளாசித் தள்ளினார்கள். பிறகு எர்ரானி உயரத் தூக்கிப் போட்டும், வலையோரம் மெல்லத் தட்டியும் அவர்களை அலைக்கழித்தார். 37 வயதில் கால் வேகத்தை விட கண் வேகம் போதும் போலிருக்கிறது. நான் ஆட்டம் பார்த்த இலங்கை மலையகத்து ஹட்டனில் அன்று அடைமழை; டை-பிரேக்கின் நடுவே படம் நின்று சுழல, பக்கத்து வீட்டு அக்கா "மூன்றாவது செட் எங்கே தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் அக்கா இந்த டை-பிரேக்: இரண்டு புள்ளி வித்தியாசத்துடன் முதலில் பத்தைத் தொடுபவருக்கே வெற்றி.

சக இத்தாலிய வீராங்கனை ரொபர்ட்டா வின்சியுடன், கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய தொடர்களிலும் இரட்டையர் பட்டத்தை ஏற்கெனவே வென்றவர் எர்ரானி. ஒலிம்பிக் டென்னிஸில் இத்தாலிக்கு இதுவே முதல் தங்கம். வெண்கலம் ஸ்பெயினின் புக்சா–சொரிபெஸ் டோர்மோ இணைக்கு.

நுவரெலியாவில் பந்து ஏன் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறக்கிறது என்று கேட்ட தம்பிக்கு: மலையில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் பந்துக்குத் தடையும் குறைவு. கடல் மட்டத்திலிருந்து 1,219 மீற்றருக்கு மேல் ஆடுவதற்கென்றே தனிப் பந்து உண்டு, கடையில் கேட்டு வாங்குங்கள்.