அப்பா சொன்னது காதில் விழவே இல்லை. நாள் முழுக்க கவனத்தோடு இருப்பது எப்படி?

தாம்பரம் லோக்கல்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் வந்துபோகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

போன மாதம் அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். நான் லேப்டாப்பில் ஆபீஸ் கணக்கு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டே பேசினேன். மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், மாட்டுக்குக் காய்ச்சல் என்று வழக்கம்போலப் போனது, நானும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சில நாள் கழித்து அம்மா கூப்பிட்டு, "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, நீ ஏன் ஒரு வார்த்தைகூடக் கேக்கல?" என்றாள். கண்புரை ஆபரேஷன். தேதி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அன்றைக்கே அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கும் நான் "சரிப்பா" என்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. போனில் ஒரு ஆப் போட்டு, காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்கிறேன். அந்தப் பத்து நிமிடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரயிலில் ஏறியதும் பழையபடி ஆகிவிடுகிறது. யாராவது பேச ஆரம்பித்தால் அவர் முடிப்பதற்குள் என் பதில் தயாராக இருக்கிறது. மனசைத் திறந்து வை என்கிறார்கள். சமையலறையில், ரயிலில், போனில் அதை எப்படிச் செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கடுகு உளுந்து

நான் முதுகுவலிக்காக எட்டு வார கவனப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போனவன். 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய முறை அது. மருந்து கொடுத்தும் தீராத நாள்பட்ட வலியோடு இருந்தவர்கள்தான் முதலில் அவரிடம் வந்தார்கள்.

முதல் வகுப்பில் கையில் ஒரே ஒரு உலர் திராட்சையைக் கொடுத்தார்கள். உடனே வாயில் போடக் கூடாது. பார்க்க வேண்டும், விரலில் உருட்ட வேண்டும், முகர வேண்டும், காதுப் பக்கத்தில் வைத்து மெல்ல அழுத்திக் கேட்க வேண்டும். மெல்லிய சத்தம் வரும், கேட்டுப் பாருங்கள். பாயசத்தில் எவ்வளவோ திராட்சை தின்றிருக்கிறேன், காம்பு இருந்த இடம் ஒரு குட்டித் தொப்புள் மாதிரி இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

உட்கார்ந்து செய்கிற பயிற்சி தினம் 45 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். அதோடு, தினமும் செய்கிற ஏதாவது ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதை முழுக் கவனத்தோடு செய்யச் சொல்வார்கள். பல் தேய்ப்பதாக இருக்கலாம், பாத்திரம் கழுவுவதாக இருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது தாளிப்பு. எண்ணெய் காய்ந்து கடுகைப் போட்டதும் முதலில் ஒன்றிரண்டு வெடிக்கும், அப்புறம் படபடவென்று ஒரே சத்தம், அது அடங்க ஆரம்பிக்கும்போது உளுத்தம்பருப்பு, அது சிவந்து வாசனை வரும்போது கறிவேப்பிலை. நடுவில் மனசு ஆபீசுக்குப் போய்விடும். போய்விட்டது என்று தெரிந்ததும் கடுகுக்குத் திரும்பி வந்தால் போதும். போகாமல் பிடித்து வைப்பதுதான் பயிற்சி என்று ஐந்து வாரம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். போனது தெரிகிறதே, அதுதான் பயிற்சி. வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் வலி வருமுன்பே உடம்பை இறுக்கிக்கொள்வது குறைந்துவிட்டது.

மொட்டைமாடி

எனக்குக் கண்ணை மூடி உட்காருவது கடைசி வரை வரவில்லை. எனக்கு வழி காட்டியது பறவைகள்.

வருடா வருடம் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் இ-பேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும். நண்பர் சொன்னாரென்று மாடியில் நின்றேன். காக்கா, மைனா, புறா. ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டேன். மீதி நேரம் செய்ய ஒன்றுமில்லாமல் சும்மா நின்றபோதுதான் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. முருங்கைப் பூவில் ஒரு தேன்சிட்டு. செம்பருத்திச் செடிக்குள்ளிருந்து தையல்சிட்டின் குரல், கட்டைவிரல் நீள உடம்புக்குள்ளிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி. நான் காக்கா என்று எழுதியதிலேயே இரண்டு வகை இருந்தன. கழுத்து சாம்பலாக இருந்தது ஒன்று, மொத்தமும் கருப்பாக, அலகு தடித்து இருந்தது அண்டங்காக்கை. நாற்பது வருடமாக அமாவாசைக்குச் சோறு வைக்கிறேன், ஒருநாளும் கழுத்தைப் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு ஆடி மாதம் எதிர் வேம்பில் ஒரு காகம் தன் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. குஞ்சின் உடம்பில் அங்கங்கே வெளிர் புள்ளி, குரலும் சரியாக இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். குயில் குஞ்சு! குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஆனாலும் அது இறக்கையைப் படபடத்து வாயைப் பிளப்பதும், காகம் தொண்டை வரைக்கும் அலகை விட்டு ஊட்டுவதும் கண்ணெதிரே நடந்தபோது கை நடுங்கியது.

பெயர் தெரிந்துவிட்டால் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். உங்கள் அப்பா விஷயத்திலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். "அப்பா மழையைப் பற்றித்தான் பேசுவார்" என்று மனசு எழுதி முடித்துவிட்டது, அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் புதிதாக உள்ளே போகவில்லை. காலையில் 15 நிமிடம் மாடியில் நின்று பாருங்கள் தங்கச்சி, போன் வேண்டாம்.

நைட் டூட்டி

நான் நர்ஸ். டாக்டர் போனில் மருந்தின் அளவைச் சொன்னால் அதை எழுதி, அவருக்கே திரும்பப் படித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்க வேண்டும். சும்மா "சரி சார்" என்று வைக்கக் கூடாது. இதை வீட்டிலும் செய்ய ஆரம்பித்தேன். அப்பா "மாட்டுக்குக் காய்ச்சல்" என்றால் "எந்த மாட்டுக்குப்பா?" என்று கேளுங்கள். கேள்வி கேட்க வேண்டுமானால் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வியட்நாமிய துறவி திக் நாட் ஹான் 1982-ல் பிரான்சில் தொடங்கிய பிளம் வில்லேஜ் என்கிற மடத்தில், மணி அடித்தால் எல்லோரும் செய்கிற வேலையை அப்படியே நிறுத்தி மூச்சைக் கவனிப்பார்கள். போன் மணி அடித்தாலும் அதே வழக்கம்தான். மூச்சு விட்டு, அப்புறம் எடுப்பார்கள். அப்பாவின் அழைப்புக்கு மட்டுமாவது இதைச் செய்யலாம்.

ஆனால் ஒன்று, நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் மனசைத் திறந்து வைக்க முயற்சி செய்யாதீர்கள். வார்டில் அப்படி இருந்திருந்தால் நான் ஒரு வருடத்தில் வேலையை விட்டிருப்பேன். பழைய அதிர்ச்சி ஏதாவது உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் படபடப்பு அதிகமாகலாம். அப்படி ஆனால் உடனே கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தாம்பரம் லோக்கல்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, நானே அப்பாவைக் கூப்பிட்டேன். லேப்டாப்பை மூடிவிட்டு பால்கனிக்குப் போய், அவர் எடுக்கும்வரை மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் மழைதான். "எந்தப் பக்கம்பா பெஞ்சுது?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கிழக்கு வயலில் தண்ணீர் நின்றது, வரப்பு உடைந்தது, யார் வந்து அடைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். கட்டுப் பிரித்ததும் முதலில் அம்மா முகத்தைத்தான் பார்த்தாராம். "உங்கம்மாவுக்கு இவ்ளோ நரைச்சிருக்குன்னு இப்பதாம்மா தெரியுது" என்றார். நடுவில் இரண்டு முறை என் மனசு வேறெங்கோ போனது, திரும்பி வந்தேன். ஒரு முறை பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். முப்பத்தைந்து நிமிடம் பேசியிருக்கிறோம்.

இன்னொரு கண்ணுக்கு வருகிற மாதம் ஆபரேஷன். தேதியைத் திரும்பச் சொல்லிச் சரிதானா என்று கேட்டுக்கொண்டேன். லீவும் சொல்லிவிட்டேன்.