9 வோல்ட் பேட்டரி ரிசீவருக்கு எந்த ஆடியோ ஐசி?

கேள்வி: 40 மீட்டர் ஹாம் ரேடியோ பேண்டுக்கு டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர் (சிக்னலை நேராக ஆடியோவாக மாற்றுவது), அந்த மாற்றத்தைச் செய்யும் மிக்சர் ஐசி எஸ்ஏ612. ஆடியோவுக்கு எல்எம்386, 1-8 பின்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட். சவுண்டைக் கூட்டினால் 'டப டப'வென்று அடிக்கிறது. ஐசியை மாற்றிவிடலாமா? ராத்திரி ஹெட்ஃபோனிலும் கேட்க வேண்டும்.

பதில் 1: ஐசி மேல் பழி போடாதீங்க சார், கோளாறு சப்ளையில். ஸ்பீக்கர் கரண்ட் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் அமுங்குகிறது. அது மிக்சர் வழியாகத் திரும்ப ஆடியோவுக்குள் நுழைகிறது. 386இன் 6ஆம் பின்னை (சப்ளை) ஒட்டியே கிரவுண்டுக்கு 220 மைக்ரோஃபாரட், கூடவே 0.1 மைக்ரோஃபாரட். 7ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட். 5ஆம் பின்னிலிருந்து (அவுட்புட்) கிரவுண்டுக்கு 10 ஓம், 0.047 மைக்ரோஃபாரட் சீரியஸில். மிக்சருக்குத் தனியாக 78எல்05 (5 வோல்ட் ரெகுலேட்டர்) கட்டாயம். எஸ்ஏ612 எட்டு வோல்ட்டுக்கு மேல் ஓட்டும் ஐசியே இல்லை. 1-8 கெப்பாசிட்டரைக் கழற்றுங்கள், கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 200லிருந்து 20க்கு இறங்கும். குறையும் கெய்னை முன்னால் ஒரு டிரான்சிஸ்டர் ஸ்டேஜில் எடுங்கள், இரைச்சலும் தணியும்.

பதில் 2: பேட்டரிதான் கவலை என்றால் எம்சி34119 என்ற ஆடியோ ஐசியைப் பாருங்க. 2 வோல்ட்டிலேயே ஓடும், சும்மா இருக்கும்போது 3 மில்லிஆம்புக்கும் குறைவு. 386 சுமார் 4. அவுட்புட் கெப்பாசிட்டரும் வேண்டாம். ஆனால் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் அவுட்புட்தான், எதுவும் கிரவுண்ட் இல்லை. ஹெட்ஃபோன் சாக்கெட் உடம்பு கிரவுண்டான பெட்டியைத் தொட்டால் ஒரு பக்கம் நேராக ஷார்ட்.

பதில் 1: அதனால் ஹெட்ஃபோனும் வேண்டுமென்றால் 386தான் சௌகரியம். 220 மைக்ரோஃபாரட் அவுட்புட் கெப்பாசிட்டருக்குப் பிறகு, ஹெட்ஃபோனுக்கு மட்டும் சீரியஸில் 33 ஓம்.