அக்கா விட்டுப்போன குவில்ட்: உள்ளே இருக்கும் தாள்களை எடுத்துவிடலாமா?

நூல்கண்டு:

எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தையல் குழுவில் இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் கேட்க ஒரு விஷயம் வந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் அறுகோணக் குவில்ட் ஆரம்பித்தேன், அதாவது அறுகோணத் துணித் துண்டுகளை ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. நானாக ஆரம்பிக்கவில்லை, அக்கா பிடித்து உட்கார வைத்தார். உடன்பிறந்த அக்கா இல்லை, அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். தோழியா குருவா என்று யாராவது கேட்டால் இன்னும் எனக்குப் பதில் தெரியாது. அறுந்த பட்டனைத் தைக்கக்கூடத் தெரியாத என் கையில் ஒரு துணித் துண்டையும் அறுகோணமாக வெட்டிய ஒரு தாளையும் கொடுத்து “இதை மடி” என்றார், அவ்வளவுதான் பாடம். கோணலாக மடித்தால் திட்டமாட்டார். நூலைப் பிரித்துத் துணியை நீவிவிட்டு மறுபடி என் கையிலேயே கொடுப்பார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்று இருக்கும்.

கணக்கு இப்படி: நடுவில் சிவப்பு ஒன்று, சுற்றி 6, அதையும் சுற்றி 12, ஆக 19 அறுகோணம் சேர்ந்தால் ஒரு பூ. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஓர் அங்குலம். மொத்தம் 48 பூ, பூவுக்கும் பூவுக்கும் நடுவே வெள்ளை வரிசை. அவர் போனபோது 41 பூ முடிந்திருந்தது, அதில் பாதி அவர் தைத்தது. பிறகு அவர் வீட்டார் தையல் டப்பாவை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் தாளோடு மடித்து நூலோட்டி வைத்த அறுகோணங்கள் இருந்தன. எண்ணினேன், 130. மீதி ஏழு பூவுக்கு 133 வேண்டும். மூன்றுதான் குறைவு, ஒரு சாயங்கால வேலை. அந்த மூன்றை மடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

போன மாதம் ஒருவழியாக எல்லாப் பூவையும் இணைத்துவிட்டேன். மேல்பாகம் தயார், இனி அதன் அடியில் பஞ்சும் பின்துணியும் வைத்துத் தைக்க வேண்டும். இப்போது சிக்கல் என்னவென்றால், இந்த 130 தாளையும் எடுக்க எனக்குக் கை வரவில்லை. சுற்றி எல்லாப் பக்கமும் தைத்தாயிற்று என்றால் தாளை உருவிவிடலாம் என்று தெரியும், மற்ற பூக்களில் உருவி எறிந்தும்விட்டேன். ஆனால் இவை அவர் கையால் வெட்டியவை. பழைய கடிதம், காலண்டர், ஏதோ கணக்கு எழுதிய தாள் என்று எதை வேண்டுமானாலும் வெட்டுவார். குவில்ட்டைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்க அவர் கையெழுத்து துண்டு துண்டாகத் தெரிகிறது.

இரண்டாவது, அவர் தையலும் என் தையலும். அவர் இணைத்த ஓரத்தில் அங்குலத்துக்கு 16 தையல் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. என்னுடையது 10, சில இடத்தில் அதுவும் இல்லை. என் பகுதியைப் பிரித்து மறுபடி தைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அப்புறம் நடுவில் இருக்கும் சிவப்புத் துணியைத் தைப்பதற்கு முன் யாரும் துவைக்கவே இல்லை. அது வெள்ளை வரிசையில் சாயம் இறக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஊசிமுனை:

தாளை எடுத்துவிடுங்கள். அறுகோணத்தை மடித்து வைத்துக்கொள்ளத்தான் தாள், இணைத்து முடிந்த பிறகு அதற்கு உள்ளே வேலை இல்லை. அதோடு பஞ்சு வைத்துத் தைத்தால் படுத்துப் புரளும்போதெல்லாம் சரசரக்கும், துவைத்தால் கூழாகிப்போகும், மசியும் துணியில் இறங்கும்.

எடுப்பதற்கு முன் மேல்பாகத்தை இஸ்திரி போடுங்கள், தாள் உள்ளே இருக்கும்போதே. மடிப்பு நன்றாக உட்கார்ந்துவிடும். அவர் நூலோட்டும்போது தாளையும் சேர்த்துக் குத்தியிருந்தால் அந்த நூலை முதலில் வெட்டி உருவுங்கள். மூலைத் துணியை மட்டும் பிடித்து முடிச்சுப் போட்டிருந்தால் நூலைத் தொட வேண்டாம், தாள் தானாக வழுக்கிக்கொண்டு வரும். வெளி ஓரத்து வரிசையில் மட்டும் பார்டர் தைக்கும் வரைக்கும் தாள் இருக்கட்டும். இல்லாவிட்டால் மடிப்பு பிரிந்துவிடும்.

காக்கிநூல்:

நான் மாற்றிச் சொல்கிறேன். எடுக்காமலே விட்டால் என்ன? இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு போட்ட ஒரு பட்டு ஒட்டுவேலை விரிப்பு இருக்கிறது. அதன் உள்ளே தாள்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. பழைய அறுகோண வேலைகளில் பாதியில் நின்றுபோனவை எத்தனையோ. அவற்றின் பின்பக்கத் தாளில் இருக்கும் கடிதத்தையும் செய்தித்தாள் தேதியையும் வைத்துத்தான் எப்போது தைத்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். முடித்தவற்றில் அந்தத் தகவலே போய்விடுகிறது.

மேல்பாகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தளர்வாகச் சுருட்டி, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் மட்டும் போடாதீர்கள். மடித்து வைத்தால் அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தக் கோட்டிலேயே துணி இற்றுவிடும்.

கத்தரி:

காக்கிநூல் சொல்வது அருங்காட்சியகத்துக்குச் சரி. அவர் அக்கா எதற்காகத் தைத்தார், சுருட்டி வைக்கவா? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன தன் கணவரின் வேலைத் துணிகளைக் கிழித்து 1942-ல் ஒரு குவில்ட் செய்தார். முழங்கால் தேய்ந்த இடம், சாயம் வெளுத்த இடம் எல்லாம் அப்படியே அதில் தெரியும். அவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை, போர்த்திக்கொள்ளத்தான் செய்தார். பின்னால் அது கண்காட்சிக்குப் போனது வேறு கதை.

தையலைப் பிரிக்கும் யோசனையை இன்றோடு விடுங்கள். ஒரு தடவை ஊசி போன துணியில் ஓட்டை இருக்கும், ஒன்பது வருஷத்துத் துணியில் கேட்கவே வேண்டாம். உங்கள் 10 தையல் இழுத்துப் பார்த்தால் இடைவெளி விடுகிறதா? விட்டால் அந்த ஓரத்தில் மட்டும் மேலே இன்னொரு சுற்றுப் போடுங்கள். விடவில்லையென்றால் அது நல்ல தையல்தான். எது யார் தையல் என்று தெரிந்தால் தெரியட்டுமே, இரண்டு பேர் தைத்ததுதானே?

கோபத்தில் எழுதவில்லை. நானும் ஒன்றை ஆறு வருஷம் பரண்மேல் போட்டுவைத்தவள்தான்.

சாயப்பானை:

சிவப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். முதலில் பயந்து மேல்பாகத்தை இப்போதே தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் திறந்து கிடக்கும் தையல் ஓரமெல்லாம் பிசிறிவிடும். டப்பாவில் அதே சிவப்பில் துண்டு மிச்சம் இருக்கிறதா பாருங்கள். வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை நனைத்து இந்தச் சிவப்பின்மேல் சுற்றி ஓர் இரவு ஈரமாகவே வையுங்கள். காலையில் வெள்ளையில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் சாயம் விடும் துணிதான். மிச்சத் துண்டு இல்லையென்றால் ஒரு பூவின் நடுவில் ஈரப் பஞ்சை வைத்து அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

விடுகிறது என்று தெரிந்தாலும் பிரிக்க வேண்டியதில்லை. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து ஓரம் கட்டிய பிறகு முதல் துவைப்பில்தான் கவனம் வேண்டும். கிடைத்ததிலேயே பெரிய தொட்டி, நிறையத் தண்ணீர், துவைக்கும் சோப்பு, கூடவே சாயம் உறிஞ்சும் தாள் நான்கைந்து. தண்ணீர் சிவந்தால் உடனே மாற்றுங்கள். முக்கியமானது, ஈரத்தோடு மடித்து ஒரு மூலையில் போட்டுவிடக் கூடாது, சாயம் இடம் மாறுவது பெரும்பாலும் அப்போதுதான். வெள்ளையில் கறை தெரிந்தால் காயவிடாமல் திரும்ப ஊறவையுங்கள். ஈரமாக இருக்கும்வரை எடுத்துவிட வாய்ப்பு உண்டு.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பின்துணியை நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள், ஊக்கை உள்ளங்கை அகல இடைவெளியில் குத்துங்கள். உள்ளே பருத்திப் பஞ்சு என்றால் முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தில்தான் குவில்ட் பழையது மாதிரி மெத்தென்று ஆகும், எனக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்று பஞ்சு உறையிலேயே போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் ஒரு தடவை நான் இடைவெளி விட்டுத் தைத்து, துவைத்ததும் பஞ்சு ஒரு ஓரமாகக் கட்டி தட்டிக்கொண்டது. சூடு பட்டால் மறையும் பேனாவால் கோடு போடாதீர்கள், குளிரில் அந்தக் கோடு திரும்ப வரும்.

நூல்கண்டு:

எல்லாருக்கும் நன்றி. கத்தரி, திட்டு சரியான இடத்தில் விழுந்தது.

இரண்டு நாள் யோசித்து எடுக்கலாம் என்றே முடிவு செய்தேன். காக்கிநூல் சொன்னது ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா தன்னுடைய குவில்ட்டில் காலை நீட்டிக்கொண்டு படுத்துப் புத்தகம் படிக்கிறவர், சுருட்டி வைத்தால் சிரிப்பார். ஊசிமுனை சொன்ன மாதிரி இஸ்திரி போட்டுவிட்டு நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். மூலையில் மட்டும்தான் நூல் பிடித்திருந்தார், தாள் சுலபமாக வந்தது. எடுக்க எடுக்க எந்தப் பூவில் எந்த இடம் என்று பின்னால் பென்சிலால் எண் போட்டு அடுக்கிக்கொண்டே வந்தேன்.

87 எடுத்திருப்பேன், ஒரு தாளில் என் கையெழுத்து. முதலில் புரியவில்லை. “டியாது அக்கா” என்று ஒரு வரி, கீழே “ரல் வலிக்கி” என்று இன்னொன்று. அப்புறம் ஞாபகம் வந்தது, ஆரம்பித்த முதல் வருஷம் இது எனக்கு ஒத்துவராது, விட்டுவிடுகிறேன் என்று இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதி அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவாரம் வழக்கம்போலத் துணியை நீட்டினார், நானும் வாங்கிக்கொண்டேன். கடிதத்தை வெட்டியிருக்கிறார்!

இன்னும் தேடியதில் அந்தக் கடிதத்தில் மொத்தம் மூன்று துண்டுதான் கிடைத்தது. மீதி முன்பு முடித்த பூக்களுக்குள் போயிருக்க வேண்டும். அவற்றின் தாளையெல்லாம் நானே உருவி, திருப்பிக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டேன்.

காக்கிநூல்:

அடடா. அந்த மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனி என் கட்சி கிடையாது, தைத்து முடியுங்கள்.

ஊசிமுனை:

பின்துணி மூலையில் ஒரு சின்னத் துணிச் சீட்டு தைத்து இரண்டு பேர் பெயரையும், ஆரம்பித்த வருஷத்தையும் முடித்த வருஷத்தையும் எழுதுங்கள். துணியில் அழியாத நிறமிப் பேனா வேண்டும், சாதாரணப் பேனா துவைத்தால் போய்விடும். நூலால் எழுதினால் இன்னும் நல்லது.

நூல்கண்டு:

நூலால்தான். ஈரத்துணிச் சோதனை காலையில் பார்த்தேன், வெள்ளையில் லேசாக இளஞ்சிவப்பு ஏறியிருக்கிறது. சாயப்பானை, அந்தச் சாயம் உறிஞ்சும் தாள் நான்கைந்து போதுமா, 48 சிவப்பு இருக்கிறதே?

சாயப்பானை:

பத்துப் போடுங்கள். தொட்டி பக்கத்திலேயே இருங்கள்.